'பஹாசா' ஒரு மொழியின் பெயரன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வெளிவந்த இந்தோனேசியப் பயணக் கட்டுரையில், அந்நாட்டு மக்கள் 'பஹாசா மொழி' பேசுவதாக நான்கு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. 'பஹாசா' என்றாலே மொழி என்றுதான் பொருள். 1928 அக்டோபர் 28 அன்று இந்தோனேசிய இளைஞர்கள் உறுதிமொழி ஏற்றபோது குறிப்பிட்ட பெயர் 'பஹாசா இந்தோனேசியா' என்பதாகும். இங்கே மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் என் பேரனுடைய தமிழ்ப் பாடநூலின் அட்டையிலும் ரோமன் எழுத்தில் 'பஹாசா தமிழ்' என்றே அச்சிட்டிருக்கிறது.

'பேசு' என்னும் பொருளுடைய 'பாஷ்' என்ற வேரிலிருந்து பிறந்த சமஸ்கிருதப் பெண்பாற்சொல் 'பாஷா'. நன்னூல் கூறும் 'ஆவீறு ஐயும்' என்ற விதிப்படி, சபா சபையானதுபோல, அது தமிழில் 'பாஷை' ஆயிற்று. ஷகரமும் டகரமாகத் திரிந்த 'பாடை' பழைய நூல்வழக்கு. 'பாஷா' என்பதன் மூச்சொலியோடு கூடிய முதலெழுத்து (bh) மலாய்க்காரர் நாவுக்குப் புதிது என்பதால், அவர்கள் அதை இரண்டாகப் பிரித்து நடுவே ஓர் உயிரை வைத்து 'பஹாசா' என்றனர். அச்சம் என்னும் பொருளுடைய 'பய' என்ற வடசொல்லும் இப்படித்தான் ஆபத்தைக் குறிக்கும் 'பஹாயா' ஆனது. தாய்லாந்தில் மூல எழுத்துகளை மாற்றாமல் எழுதிவிட்டு, ஷகரத்தைச் சகரமாக ஒலிக்கிறார்கள். பாலி மொழி வழியாகப் பர்மாவுக்குச் சென்ற இதே சொல், அங்கே மொழியோடு சமயத்தையும் குறிக்கிறது.

மலாயில் இச்சொல் அடைந்த வளர்ச்சி எனக்கு என்றும் வியப்பு. 'பஹாசா ஜீவா பங்சா' என்ற முதுமொழியை இங்கே சிறுவர்களும் அறிவர். பாஷா, ஜீவ, வம்ச என மூன்றும் வடசொற்கள். ஆனால் பால் இல்லை, வேற்றுமை உருபு இல்லை, வினைச்சொல்லும் இல்லை. 'ஜீவா பங்சா' என்று அடுத்தடுத்து வைத்தாலே 'இனத்தின் உயிர்' என்றாகிவிடும். நாம் முன்னே வைப்பதை அவர்கள் பின்னே வைக்கிறார்கள். நற்பண்புக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'பூடி பஹாசா'. புத்தியும் பாஷையும் சேர்ந்து பண்பாக மாறியது வடமொழியில் நடந்ததன்று, மலாய் மக்கள் தாமே ஆக்கிக்கொண்டது.

ஆகவே, இனி வரும் கட்டுரைகளில் 'இந்தோனேசிய மொழி' என்றோ 'மலாய் மொழி' என்றோ இடத்திற்கேற்ப எழுதுமாறு தங்கள் ஆசிரியர் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.