திரைக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

பேய்ப்படங்கள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், 1968-இல் அமெரிக்க இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் எடுத்த 'டார்கெட்ஸ்' படம் விடுபட்டுவிட்டதே! அதில் பழைய பேய்ப்பட நட்சத்திரம் போரிஸ் கார்லாஃப் ஏறக்குறைய தன்னையே நடிக்கிறார். செய்தித்தாளில் வரும் கொலைகளுக்கு முன்னால் தன் பேய் வேஷம் எடுபடாது என்று ஒதுங்க நினைக்கும் கிழ நடிகர். மறுபக்கம், தாயையும் மனைவியையும் சுட்டுவிட்டு, எண்ணெய்த் தொட்டி மேலேறி நெடுஞ்சாலைக் கார்களைக் குறிபார்க்கும் 'நல்ல வீட்டுப் பிள்ளை'. 1966-இல் டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து நடந்த துப்பாக்கிச்சூடுதான் இதற்கு மூலம். அச்சமூட்டும் பின்னணி இசை கிடையாது; ரேடியோ பாட்டு மட்டும். (நம்மவர்கள் என்றால் வயலினை அலறவிட்டிருப்பார்கள்.) கடைசியில் திறந்தவெளித் திரையரங்கில், கிழ நடிகரின் படம் ஓடும் திரைக்குப் பின்னாலிருந்து அவன் சுடுகிறான்; அவரும் நேரில் வந்திருக்கிறார். திரையிலும் கார்லாஃப், எதிரேயும் கார்லாஃப். எவரைச் சுடுவதென்று குழம்பும் அந்தப் பையனை, கிழவர் கைத்தடியால் தட்டி, கன்னத்தில் அறைகிறார். சுருண்டு உட்கார்ந்துவிடுகிறான்.

- வாசகர், மதுரை