பழைய பேட்டரியோடு லித்தியத்தை இணைக்கும் முன்

அன்புள்ள ரங்கா,

இங்கு நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை மாதங்களாக நான் எழுதாததற்கு நீ திட்டப்போவது தெரியும்; அதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். இன்று எழுதக் காரணம் கோபாலன். படுக்கை வசதியுள்ள உன் கேம்பர் வேனுக்கு ஒரு லித்தியம் பேட்டரி வாங்கிவிட்டாய் என்றும், ஏற்கெனவே இருக்கும் லெட் ஆசிட் (ஈய) பேட்டரியோடு பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று அதை நேராக இணைக்கப் போகிறாய் என்றும் நேற்று தொலைபேசியில் சொன்னான். யாரையும் கேட்காமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பவன் நீ என்பது அந்த ஜெனரேட்டர் விவகாரத்திலிருந்தே எங்களுக்குத் தெரியும். எனவே இந்தக் கடிதம் ஸ்பேனருக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

உன் யோசனையில் நியாயம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் சேர்த்த மறுகணமே வெடிக்கும் என்று கோபாலன் பயப்படுவது சரியல்ல. நீ வாங்கியிருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்றால், அதில் 3.2 வோல்ட் கொண்ட 4 செல்கள் இருக்கும். முழுதாக ஏறி ஓய்ந்திருக்கும்போது ஏறக்குறைய 13.3 வோல்ட் காட்டும். லெட் ஆசிட் பேட்டரியில் 6 செல்கள். அது முழுதாக ஏறி ஓய்ந்திருந்தால் 12.7 வோல்ட் காட்டும். வோல்ட் அதிகமாக இருப்பதே முதலில் மின்சாரம் தரும்; இந்தச் சிறிய வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே தொடங்குகிறது.

என் வண்டியில் இரண்டும் ஒரு ஸ்விட்ச் வழியாகச் சேர்ந்திருக்கின்றன. மாலையில் விளக்கும் விசிறியும் குளிர்பெட்டியும் ஓடும்போது மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை லித்தியத்தின் கேபிளில் மாட்டினால் மொத்த ஆம்பியரும் அங்கேதான் தெரியும். அதைக் கழற்றி ஈயப் பேட்டரியின் கேபிளில் மாட்டினால் முள் பூஜ்யத்தை விட்டு நகராது, சில நேரம் எதிர்த்திசையில் மிகச் சிறிய மின்னோட்டம் கூடத் தெரியும். லித்தியத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தீர்ந்து, அதன் வோல்ட் 12.8-ஐ நெருங்கும்போதுதான் ஈயம் தன் பங்கைத் தரத் தொடங்குகிறது. இளங்காளையையும் கிழட்டுக் காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால், சமவெளி முழுவதும் இளசு தனியே இழுத்து, மேட்டில் மட்டும் கிழம் தோள் கொடுப்பதைப் போன்றது இது. இதனால் ஈயத்துக்கும் லாபமே; அரைகுறை சார்ஜில் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், ஆனால் லித்தியத்தின் தயவில் அது எந்நேரமும் நிறைந்தே இருக்கிறது. உறைபனிக் குளிரில் லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் அதன் பி.எம்.எஸ். (உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று) சார்ஜைத் துண்டித்துவிடும், அந்தக் காலையிலும் சூரியத் தகடு தரும் மின்சாரத்தை ஈயம் வாங்கிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

ரங்கா, இனி வருவதை நிதானமாகப் படி. லெட் ஆசிட் பேட்டரிக்கு வயதாகும்போது, தகடுகளிலிருந்து உதிரும் துகள்கள் அடியில் சேர்ந்து ஏதாவது ஒரு செல்லை உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கிவிடலாம். அப்போது உன் 12 வோல்ட் பேட்டரி வெறும் 5 செல்களின் பேட்டரியாகிறது. அந்த 5 செல்களின் மீது லித்தியம் 13.3 வோல்ட்டை வைத்தால், ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 2.66 வோல்ட் தாங்க வேண்டும். நல்ல பேட்டரி ஒன்றை 16 வோல்ட்டில் சார்ஜ் செய்வதற்குச் சமம் அது. ஆசிட் கொதிக்கும், ஹைட்ரஜன் வெளியேறும், பெட்டி சூடாகி உப்பும். லித்தியமோ கையில் இருப்பது தீரும்வரை மணிக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஃபியூஸ் காப்பாற்றும் என்று நீ சொல்வாய். இன்வெர்ட்டருக்காக நீ போடப்போகும் பெரிய ஃபியூஸின் அளவுக்கு அந்த மின்னோட்டம் எட்டாமலேயே போகலாம். எட்டாவிட்டால் ஃபியூஸ் உருகாது. பி.எம்.எஸ்ஸும் அதைச் சாதாரணச் செலவாகத்தான் எண்ணிக்கொள்ளும். உன் பேட்டரிப் பெட்டி இருப்பது பாப்பா படுக்கும் பலகைக்குக் கீழே. நேற்றிரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே என் தீர்மானமான கருத்து இது: இரண்டும் ஒரே வண்டியில் இருக்கலாம், ஆனால் நிரந்தரமாகக் கட்டிப்போடப்பட்டிருக்கக் கூடாது. ஈயப் பேட்டரிக்குத் தனி ஃபியூஸ், அதுவும் அதன் பிளஸ் முனைக்கு மிக அருகிலேயே, இயன்றவரை சிறியதாக. அதற்கடுத்து கையால் திருப்பும் ஒரு ஸ்விட்ச். தூங்கும்போதும் வண்டியை விட்டுப் போகும்போதும் அந்த ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும். லித்தியத்தின் ஃபியூஸ் ஷார்ட் ஆகும்போது பாயும் ஆயிரக்கணக்கான ஆம்பியரை அறுக்கும் திறன் கொண்ட ரகமாக இருக்கட்டும்; சாதாரணக் கார் ஃபியூஸ் அதற்குத் தாங்காது. முதன்முதலில் சேர்க்கும் முன் இரண்டையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்துகொள்.

சார்ஜர் அமைப்பில் ஈயத்துக்கென்று இருக்கும் சலுகைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். ஈக்வலைசேஷன், அதாவது ஈயத்தின் செல்களைச் சமப்படுத்தும் மிகை சார்ஜ், 15 வோல்ட்டைத் தாண்டும். லித்தியத்தின் உச்சவரம்பு 14.6. வெப்பநிலைக்கேற்ற திருத்தத்தையும் அணைத்துவிடு, குளிரில் அது வோல்ட்டை அந்த வரம்புக்கு மேலே ஏற்றிவிடும். 14.2-இலிருந்து 14.4 வரை சார்ஜ், பிறகு 13.5 ஃப்ளோட் (நிறைந்தபின் தொடரும் மெல்லிய சார்ஜ்), இரண்டு வகையும் இதற்கு ஒத்துப்போகும்.

இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலிருந்து லித்தியத்துக்கு நேராகக் கேபிள் இழுக்காதே. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு என்பதால், கிடைப்பதையெல்லாம் உறிஞ்சும். இன்ஜின் ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் அது வெந்துபோகும். நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வைத்தால் 30 ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தலாம். ஸ்டார்ட்டர் பேட்டரி ஈயமாகவே, தனியாகவே இருக்கட்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நீ வாதாடுவாய் என்பதும் தெரியும், நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்பது உனக்கும் தெரியும்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பழைய பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, எல்லா வயர்களையும் கழற்றி, ஓர் இரவு அப்படியே விடு. காலையில் வோல்ட்டை அளந்துவிட்டு, மூடிகளைத் திறந்து ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை வைத்துப் பார். நல்ல செல் 1.26-க்கு மேல் காட்டும். ஏதேனும் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைந்திருந்தால், அந்த பேட்டரி லித்தியத்தின் பக்கத்திலேயே வரக் கூடாது. அதைப் பழைய பேட்டரி வாங்குபவரிடம் கொடுத்துவிடு. 6 செல்களின் அளவுகளையும் உடனே எழுதி அனுப்பு. உன் சோம்பலுக்கு அது பெரிய வேலை என்றால் பாப்பாவிடம் சொல், அவள் கையெழுத்தே உன்னுடையதைவிடத் தெளிவாக இருக்கும்.

அன்புடன்,
சேகர்