புள்ளி வைக்காத 221

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு தூக்கமே வரவில்லை. 'பி செக்‌ஷனை என் தலையில் கட்டிவிட்டார்கள்ப்பா, ஒன்றுக்கும் கணக்கு வராது' என்றாயே, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தால், சொன்னதே நான்தான். ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே எத்தனை தடவை!

2000 வாக்கில் பச்சைத் தேயிலை விலை விழுந்து கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்கு வீடு கடனில் கிடந்த நேரம். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், அவர்களுக்கு அரை ஏக்கர் தோட்டம். சாயங்காலம் இலை எடுக்க ஏஜென்ட் வண்டி வரும். ஒருநாள் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சாக்கோடு 37 கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் 3 கிலோ கழிவு, கிலோ ஆறரை ரூபாய். ஏஜென்ட் கால்குலேட்டரை எடுப்பதற்குள் பையன், 'முப்பத்திநாலு ஆறு 204, அரைக்கு 17, மொத்தம் 221' என்றான். அதே வாரம் வகுப்பில் 3.4-ஐ 6.5-ஆல் பெருக்கச் சொன்னேன். 221 என்று எழுதியவன் புள்ளியை விட்டுவிட்டான். நானும் சிவப்பு மையால் அடித்து சைபர் போட்டேன். இரண்டு நாள் முன்னால் என் காதாலேயே கேட்ட எண், எனக்கு உறைக்கவே இல்லை.

பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருவில் தேங்காய் விற்கும் பிள்ளைகளை வைத்து இதையே சோதித்து 1985-இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், நான் படித்ததோ ரிட்டயர் ஆன பிறகு. வியாபாரத்தில் கேட்டால் 100-க்கு 98 சரி, அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தால் 37. ஐந்தே பிள்ளைகள்தான், இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

பத்தாவது முடிந்ததும் அந்தப் பையனின் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எந்த குரூப் என்று கேட்டார். கணக்கு இல்லாததாகப் பாருங்கள் என்றேன், நல்லதுக்கு என்று நினைத்துத்தான். பிளஸ் டூவில் கணக்கு இல்லை என்றால் அன்றைக்கு இன்ஜினியரிங் பக்கமே போக முடியாது. ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேன்.

உன் கதையைச் சொல்லட்டுமா? எட்டாவதில் நீ வாங்கியது 41. கோபப்படாதே, ரிப்போர்ட் கார்டு பீரோவில் இருக்கிறது. யாராவது உனக்குக் கணக்கு வராது என்றார்களா? ராத்திரி அடுப்போரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஒரு வாத்தியார் இருந்தான். அந்தப் பையனுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாப் மோசஸ் என்று அமெரிக்காவில் ஒருவர். 1960-களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யப் போய் அடி வாங்கியவர். 1982-இல் மகளின் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா இல்லை என்றதும் அவரே வகுப்புக்குள் போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் அவரும் என்னைப் போல ஓர் அப்பா. ஆனால் கூடவே இன்னும் சில பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார், அதுதான் பிறகு அல்ஜீப்ரா திட்டமாக வளர்ந்தது. ஓட்டுரிமைக்குச் சமமானது அல்ஜீப்ரா என்பது அவர் வாதம். நான் உனக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன், பாப்பா.

சரி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, செக்‌ஷன் பிரித்ததற்காக மேலே யாரிடமும் சண்டைக்குப் போகாதே. முதலில் அந்த வகுப்பில் எத்தனை பேர் தமிழ் மீடியத்திலிருந்து மாறி வந்தவர்கள், எத்தனை பேர் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று மட்டும் பார். அப்புறம் தப்பாகப் போட்டதை அடிப்பதற்கு முன்னால், இது எப்படி வந்தது என்று அவர்களையே கேள். நேரம் பிடிக்கும், போர்ஷன் பின்தங்கும், திட்டு விழும்.

பொங்கலுக்கு வரும்போது அரையாண்டுத் தாள்களில் சைபர் வாங்கிய கணக்குகளை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வா, பெயர் வேண்டாம். உட்கார்ந்து பார்ப்போம். அம்மா வர்க்கி வாங்கி வைத்திருக்கிறாள். பனி கடுமையாக இருக்கிறது, ஸ்வெட்டரை மறந்துவிடாதே.

அப்பா