வெள்ளவத்தையிலிருந்து அப்பாவுக்கு

கொழும்பு – 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மதுரை ரிங் ரோட்டுக்கு அப்பால் அண்ணன் மனை பார்த்து வருவதாக எழுதியிருந்தீர்கள். அங்குள்ள தெருக்கள் பக்கத்துத் தெருக்களோடு சேருமா என்பது குறித்துச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

நான் குடியிருக்கும் வெள்ளவத்தையில் காலி வீதி கடற்கரைக்கு இணையாக ஓடுகிறது. அதிலிருந்து கடலை நோக்கிக் குறுகிய ஒழுங்கைகள் வரிசையாக இறங்குகின்றன. முன்பெல்லாம் அவை தண்டவாளத்தருகே முடிந்துவிடுமாம். பக்கத்து ஒழுங்கைக்குப் போவதற்கும் காலி வீதிக்கு ஏறி வர வேண்டியிருந்ததாம். தண்டவாளத்தை ஒட்டி மரைன் டிரைவ் என்ற கடலோர வீதி போடப்பட்டதும் அந்த முனைகள் இணைந்துவிட்டன. கடைக்குப் போகிறவர்கள் இப்போது ஒரு வழியில் போய் வேறொரு வழியில் திரும்புகிறார்கள்.

வேலை நிமித்தமாகக் கொழும்பின் புறநகர்களான மாலபே, அத்துருகிரிய பக்கம் போனால் நிலைமை நேர்மாறு. ஒரு தென்னந்தோட்டம் விலைபோனதும், வாங்கியவர் அதைப் பேர்ச் என்ற இங்குள்ள நில அளவுக் கணக்கில் துண்டுபோட்டு, நடுவே ஒரு பாதை வெட்டி, அதை எல்லை மதிலோடு நிறுத்திவிடுகிறார். அடுத்த காணியைப் பிரிப்பவரும் அவ்வாறே செய்கிறார். ஒரே மதிலின் இருபுறமும் இரண்டு பாதைகள் முட்டி நிற்பதைப் பார்த்தேன். அப்புறத்து வீட்டு வானொலிச் செய்தி இப்புறம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் அந்த வீட்டுக்குப் போகப் பிரதான வீதிவரை வந்து சுற்ற வேண்டும். உள்ளே பஸ் வராது, நடந்து போகவும் தூரம் என்பதால் வீட்டுக்கு வீடு வாகனம் வாங்குகிறார்கள். அத்தனையும் காலையில் அந்த ஒரே வீதியில் வந்து நெரிகின்றன. வயலும் சதுப்பு நிலமும் குறுக்கிட்டுப் பாதை நின்றால் எனக்குக் குறையில்லை. மழைவெள்ளத்தை உள்வாங்குபவை அவை; அவற்றின் பொருட்டே 2018இல் கொழும்புக்கு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்ற தகுதி கிடைத்தது. வெறும் மதிலால் நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

வீட்டை இடித்துக் கட்டலாம்; குடியேறிவிட்ட இடத்தில் தெருவைத் திருத்துவதென்றால் எவருடைய வீடாவது போக வேண்டும். மாசி வீதியில் தேர் வந்து வழி அடைபட்டாலும் ஏதாவதொரு சந்தில் புகுந்து நாம் வீடு சேர்ந்துவிடுவோமே, அந்த வசதி புதிய மனைப்பிரிவுகளில் தானாக வராது. அமெரிக்காவில்கூட முட்டுச்சந்துகள் பெருகிப் பெருகி, 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகே புதிய பகுதிகளில் குறையத் தொடங்கின.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன், லேஅவுட் வரைபடத்தில் தெருக்கள் எல்லையில் மூடப்பட்டிருக்கின்றனவா, பக்கத்து நிலத்துத் தெருவோடு சேர வழிவிடப்பட்டிருக்கிறதா என்று அண்ணனை அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். நகலொன்றை எனக்கு அனுப்பினால் நானும் பார்த்து எழுதுகிறேன். அம்மாவுக்கு என் அன்பு.

தங்கள் அன்பு மகள்