பழைய பள்ளிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை ஜப்பான் போகும்போது, பரிமாற்ற மாணவராகப் படித்த பள்ளியையும் எட்டிப் பார்க்கலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

"நம்ம ஸ்கூல்தானே" என்று நேரே வாசலில் போய் நிற்காதீர்கள். 2001-இல் ஒசாகாவின் இகேதா தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, ஜப்பானில் எந்தப் பள்ளிக்குள்ளும் வெளியாட்கள் நுழைவதில் கெடுபிடி அதிகம். முன்கூட்டியே அலுவலகத்துக்கு எழுதி, படித்த ஆண்டையும் வகுப்பையும் சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளி என்றால் ஆசிரியர்கள் மாற்றலாகிப் போயிருப்பார்கள். நம் சென்செய் (ஆசிரியர்) இப்போது எங்கே என்று, அப்போது நம்மைத் தங்கவைத்த வீட்டு ஹோஸ்ட் அம்மாவிடம் விசாரியுங்கள். அவர்களுக்குத் தெரியாத ஊர்ச் சங்கதி உண்டா? பிள்ளைகள் குறைந்து, சில பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்தும் விட்டார்கள்.

என்னைக் கேட்டால், புன்கசாய் என்னும் பள்ளிக் கலாசார விழா நாளில் போவதுதான் நல்லது. வகுப்பறை பேய் வீடாகியிருக்கும், முற்றத்தில் யாகிசோபா (வறுத்த நூடுல்ஸ்) வாசனை தூக்கும். பொதுமக்களுக்கு அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் நடுவில் ஓபோன், அதாவது முன்னோரை நினைக்கும் பண்டிகைச் சமயம்; பள்ளியில் ஆள் இருக்க மாட்டார்கள், வேண்டாம்.

அப்புறம், உள்ளே போட சொந்தச் செருப்பும், ஷூவை வைக்க ஒரு பையும் எடுத்துப் போங்கள். பள்ளிப் பெயர் பொன்னெழுத்தில் அச்சடித்த அந்த விருந்தினர் செருப்பு, பாதிக் காலுக்குத்தான் வரும், மாடிப்படியில் வழுக்கும்.

மாணவர்களைப் படமெடுத்து இங்கே போட வேண்டாம்.

தேதி முடிவானவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்; ஒரே பக்கம் என்றால் சேர்ந்தே போகலாம்.