நான்கு கமல்களையும் நாணயம் பொறுக்க ஓடவிடாதீர்கள்

தமிழ்ப் படங்களை செல்போன் விளையாட்டாக்கும் நிறுவனத்தாருக்கும், அந்தப் படங்களின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

'மைக்கேல் மதன காமராஜன்' 1990 தீபாவளிக்கு வந்த படம். மைக்கேல், மதன், காமேஸ்வரன், ராஜு என்று ஒரே முகமுள்ள நான்கு சகோதரர்களாகக் கமல்ஹாசன் நடித்தது, சாம்பாரில் மீன் விழும் காட்சி வருவது. இன்றும் எங்கள் வீட்டில் சாம்பார் கொதித்தால் யாராவது ஒருவர் மீனை விசாரிப்பார். என்றாவது உங்களில் ஒருவர் இந்தப் படத்தில் கை வைக்கத்தான் போகிறீர்கள். அதற்கு முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்தின் பெயரில் வந்த விளையாட்டை ஆசையாக இறக்கினேன். நாயகன் ஓடினார், தடுப்பைத் தாண்டினார், நாணயம் பொறுக்கினார். முகத்தை மட்டும் மாற்றினால் எந்தப் படத்துக்கும் அது பொருந்தியிருக்கும். பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டேன்.

இந்தப் படத்தின் சிரிப்பு ஆள்மாறாட்டத்தில் இருக்கிறது. எதிரில் நிற்பது மதனா ராஜுவா என்று மதனின் உதவியாளர் அவிநாசி குழம்புவார், நமக்குத் தெரியும். விளையாட்டும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கதவு திறக்கிறது, ஒரு கமல் வருகிறார், வாய் திறந்து ஒரு வரி பேசுகிறார். பாலக்காட்டுத் தமிழ் என்றால் காமேஸ்வரன், சமையற்கட்டுக்கு அனுப்ப வேண்டும். சென்னைத் தமிழ் என்றால் தீயணைப்புப் படை ராஜு. காதை நம்பி விரலை வைக்கும் விளையாட்டு இது. ஆளை மாற்றி அனுப்பினால் உடனே 'தோற்றீர்கள்' என்று பலகை காட்டாதீர்கள். குழப்பம் வளரட்டும், இன்னும் இரண்டு பேர் உள்ளே வரட்டும். கிரேசி மோகன் வசனம் எழுதிய படத்தில், ஜெயிப்பதைவிடத் தோற்பதுதான் அதிகம் சிரிக்கவைக்க வேண்டும்.

கடைசிக் காட்சி உங்களுக்காகவே எடுத்தது போல இருக்கிறது. மலை விளிம்பில் வீடு, உள்ளே அத்தனை பேரும். செல்போனை இடப்பக்கம் சாய்த்தால் எல்லோரும் இடப்பக்கம் சரிய வேண்டும். விதிமுறை சொல்லித்தர ஒரு வரிகூடத் தேவையில்லை, என் அம்மாவே விளையாடிவிடுவார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதியம் பாத்திரம் கழுவிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து பழங்களை வரிசை சேர்க்கும் விளையாட்டு ஒன்றை ஆடுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு விளம்பரம். அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவுதான் இருக்கும். ஈர விரல் அதன் பக்கத்தில் பட்டு, வேறு எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். "என்னடா ஆயிற்று இதற்கு" என்று செல்போனை என்னிடம் நீட்டுவார். நகைச்சுவைக்கு நேரம்தான் உயிர். சாம்பார் வாளியில் மீன் மிதக்கிறது, பந்தி காத்திருக்கிறது, அந்த நொடியில் கடன் செயலி விளம்பரம் வந்தால் அந்தக் காட்சி செத்துவிடும்.

எழுத்தையும் கவனியுங்கள். விளையாட்டு மென்பொருள்கள் பலவற்றில் தமிழ் உடைந்து தெரிகிறது, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. 'மைக்கேல்' என்ற பெயரிலேயே அப்படி இரண்டு இடங்கள் உண்டு. தலைப்பே பிழையாக வந்தால் யார் உள்ளே வருவார்கள்?

மிக முக்கியமான வேண்டுகோள் இது. இந்தப் படத்தில் நடித்த நாகேஷ், மனோரமா, எஸ். என். லட்சுமி, டெல்லி கணேஷ் யாரும் இன்று இல்லை. அவர்கள் குரலைக் கணினியில் செய்துவைத்து, அவர்கள் ஒருநாளும் பேசாத வரிகளைப் பேசவைக்காதீர்கள். படத்தில் அவர்கள் பேசியதே போதும், அதை முறையாக உரிமை வாங்கிப் பயன்படுத்துங்கள். புதிய வரி வேண்டுமென்றால் புதிய நடிகரைப் பேசவையுங்கள், அவர் பெயரையும் போடுங்கள்.

இதற்கெல்லாம் செலவாகும் என்று தெரியும். விளம்பரமில்லாத பதிப்புக்கு ஒரு சினிமா டிக்கெட்டின் விலை வையுங்கள். என் செல்போனுக்கு ஒன்று, அம்மாவின் செல்போனுக்கு ஒன்று, இரண்டுக்கும் நான் தருகிறேன்.

அன்புடன்,
அந்தப் படத்தை மனப்பாடமாக அறிந்த ஒரு ரசிகன்