கண்டத் தட்டின் தடிமன் 400 கிலோமீட்டரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த நிலநடுக்கக் கட்டுரையைப் படித்தேன். 2025 ஆகஸ்டில் ஜொகூரின் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் குலுங்கியதிலிருந்து எங்கள் லாபிஸ் பிள்ளைகள் இதைப் பற்றி நிறையவே கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பழைய கண்டங்களின் பாறைத்தட்டு, அதாவது கண்டத்தோடு சேர்ந்து நகரும் கெட்டிப் பாறை அடுக்கு, 400 கிலோமீட்டர் ஆழம் வரை போகிறது என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. அது பழைய கணக்கு.

நிலநடுக்க அலை குளிர்ந்து கெட்டியான பாறையில் வேகமாக ஓடும். அதற்கடியில் உள்ள சூடான, இளகிய பாறையில் மெதுவாகும். வேகம் எங்கே குறைகிறதோ, அங்கே தட்டு முடிகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தரையைப் பக்கவாட்டில் அசைக்கும் அலையை வைத்துப் பார்த்தால் 400 கிலோமீட்டர் வரை அந்த அதிக வேகம் தெரிந்தது. மேலும் கீழுமாக அசைக்கும் அலையில் 200, 250லேயே முடிந்துவிட்டது. ஒரே தட்டுக்கு இரண்டு தடிமன்!

2003இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் குங், பானிங், ரொமானோவிச் மூவரும் நேச்சர் இதழில் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். அந்த ஆழத்துப் பாறையில் ஒலிவின் என்ற கனிமம்தான் அதிகம். அதன் படிகத்தில் முதன்மை அலை (நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேரும் அலை) ஒரு திசையில் நொடிக்கு ஏறக்குறைய 9.9 கிலோமீட்டர் போகும், இன்னொரு திசையில் 7.7தான். பால்மர விறகு பிளந்தவர்களுக்கு இது புரியும்: நார் ஓடும் வாக்குப் பார்த்துக் கோடாலியைப் போட்டால் ஒரு மாதிரி, குறுக்கே போட்டால் வேறு மாதிரி. தட்டு நகர நகர அடிப்பாறை இழுபட்டு, படிகங்கள் கிடைமட்டமாக ஒரே வாக்கில் படிகின்றன. 250க்குக் கீழே பக்கவாட்டு அலை வேகமாக ஓடியது இதனால்தான். அங்கே கெட்டித் தட்டு இல்லை.

ஆகவே தடிமன் 200 முதல் 250 கிலோமீட்டர். வைரம் வரும் எரிமலைக் குழாய்கள் மேலே கொண்டுவந்த பாறைத் துண்டுகளும், தரை வழியே வெளியேறும் வெப்பமும் அதே கணக்கைத்தான் காட்டுகின்றன. அலையோடு தொடர்பே இல்லாத இந்த இரண்டும் ஒத்துப்போவதுதான் என்னை முழுதாக நம்ப வைத்தது.

அப்புறம், இதெல்லாம் கனடா, சைபீரியா போன்ற மிகப் பழைய நிலங்களுக்கு. நம் மலாயாத் தீபகற்பம் பெந்தோங்–ரவுப் என்ற இணைப்புக் கோட்டில் இரண்டு நிலத்துண்டுகள் ஒட்டி உருவானது. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது.

பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து அடுத்த ஞாயிறே திருத்தம் போடுங்கள். எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. அந்த இரண்டு அலைகளும் தரையை எப்படி அசைக்கின்றன என்று ஒரு படமும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
லாபிஸ், ஜொகூர்.